மாமி மினுக்கிய வெற்றுக் கோதுகள்

என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய மாமிக்கு,

நீங்கள் போன பிறகு வந்திருக்கும் முதல் வசந்தம் இது. அட்லிஸ்வில்லில் பனி முழுக்கக் கரைந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் ஸ்வெட்டருக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "உதென்ன வெயில், வெறும் வெளிச்சம்தானே" என்று சொல்லியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். மருமகன் ஒருவன் செத்துப்போன மாமியாருக்குத் துவக்குக் கோதுகளைப் பற்றி எழுதுகிறான் என்றால் ஆட்களுக்குத் தலை சுற்றும். அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது நீங்கள் பொறுத்ததை விடவா?

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். இங்கேயே படித்து, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, மற்றப் பெடியன்களைப் போல ராணுவச் சேவைக்கும் போனேன். சுடப் பழகியது அங்கேதான். பிறகு இங்கே உள்ள துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்து சனிக்கிழமைகளில் கடதாசி இலக்குகளைச் சுடத் தொடங்கினேன். கிழமை முழுக்க டிராம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து பழுது பார்ப்பவனுக்கு, மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்கும் அந்தக் கணம் பெரிய ஓய்வு. இங்கே இது அதிசயமில்லை. கல்யாணப் பேச்சில்தான் இடித்தது. "பெடியனுக்கு ஏதும் பழக்கம் இருக்கோ?" என்று மாமா கேட்க, "குடி இல்லை, சிகரெட் இல்லை, துவக்குத்தான்" என்று என் அப்பா சொன்னாராம். அதற்குப் பிறகும் நீங்கள் பெண் தந்ததை நான் இன்றும் நம்பமுடியாமல்தான் இருக்கிறேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிந்துவிட வேண்டியதில்லை. நன்றாகத் துப்புரவாக்கினால் அதையே திரும்ப நிரப்பிச் சுடலாம். கட்டடத்துக்குக் கீழே வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் கெல்லர் அறையில் அதற்கென்று ஒரு மேசை வைத்திருந்தேன். இந்த வேலையில் அலுப்பான பகுதி கழுவுவதுதான். கரி ஒட்டியிருந்தால் கோதில் வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நானோ சோம்பேறி. கறுத்த கோதுகள் பேசினில் கிழமைக்கணக்காகக் கிடக்கும்.

மாமா போன பிறகு நீங்கள், இருவருமாக வாழ்ந்த ரெனான் நகரை விட்டு எங்களிடம் வந்தீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை வெங்காயம் எடுக்கக் கெல்லருக்கு இறங்கி வந்தபோதுதான் அந்தப் பேசினைக் கண்டீர்கள்.

"தம்பி, உதென்ன?"

"வெற்றுக் கோது மாமி."

"துவக்குக் கோதோ?"

"ஓம்."

குமரன் அண்ணாவைப் பற்றி உங்கள் மகள் வாசுகி எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். சைக்கிளில் கடைக்குப் போன உங்கள் மூத்த மகன், வழியில் சூடு பட்டு விழுந்தவர். யார் சுட்டது என்று இன்று வரை தெரியாது. அதனால் நீங்கள் அந்தப் பேசினுக்கு மேலே குனிந்தபோது என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"இது ஆரையும் சுட்ட கோது இல்லைத்தானே?"

"ஐயோ, இல்லை மாமி. கடதாசியைத்தான் சுட்டது."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு பேசினைப் பார்த்தீர்கள். "அப்ப ஏன் இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்குது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டில பித்தளையை இந்தக் கோலத்தில வைச்சிருக்கிறதோ?"

அடுத்த நாள் நான் கண்டது என்ன? குத்துவிளக்கை ஊறவைப்பதைப் போல, என் கோதுகளைப் பழப்புளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்திருந்தீர்கள். அதுவும் வாசுகி சோறு வடிக்கும் பெரிய சட்டியில். கோதில் இருக்கும் கரியில் ஈயம் கலந்திருக்கும், அந்தச் சட்டி இனிச் சமையலுக்கு உதவாது என்று நான் சொன்னதும் தாயும் மகளும் சேர்ந்து என்னைத்தான் ஏசினீர்கள். சட்டியைக் கெடுத்தது நானாம்!

கோதுகளோ ரோசா நிறமாகிவிட்டன. புளியில் கூடுதலாகக் கிடந்தால் பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரியும். விளக்கு தடிப்பானது, அதற்கு ஒன்றுமில்லை. கோது மெல்லியது, பலம் போயிருக்கலாம். இதை நம்பிச் சுடமுடியாது என்றேன். "வடிவாத்தானே கிடக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு அவ்வளவையும் ஒரு தேயிலை டின்னில் போட்டு மூடி வைத்தீர்கள்.

அன்றோடு விடுவீர்கள் என்று நினைத்தேன். உங்களைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும்? அடுத்த கிழமை தனி வாளி, கையுறை, உங்களுக்கென்று ஒரு கதிரை எல்லாம் கெல்லருக்கு வந்துவிட்டன. கொஞ்சப் புளி, ஆறுதலாக ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் நேரம், அவ்வளவுதான் ஊறல். பிறகு அலசி, துவாயில் பரப்பிக் காயவிட்டு, வால்நட் ஓட்டுத்தூள் நிரப்பிய உதறும் மெஷினில் போடுவது. தூளையும் கோதையும் பிரிக்க நான் ஒரு வலைக்கூடை வைத்திருந்தேன். நீங்கள் அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, இதற்கென்றே ஊரிலிருந்து ஒரு சுளகு எடுப்பித்துப் புடைக்கத் தொடங்கினீர்கள். கெல்லர் முழுக்கத் தூள் பறந்தது. இதுவும் ஈயத்தூள்தான் மாமி என்று கத்தி, முகமூடி போடவைத்து, புடைப்பதைக் கட்டடத்துக்குப் பின்னால் வெளியிடத்துக்கு மாற்றினோம்.

சத்தமே போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் மெஷின் இரைகிறது என்று கட்டடத்தைப் பராமரிக்கும் ஃபிராவ் ஹூபர் வந்து கதவைத் தட்டினார். நீங்கள் சுடச்சுட றோல்ஸ் கொடுத்து அவரை அனுப்பிவைத்தீர்கள். ரெனானில் நன்றி சொல்லப் பழகிய 'மெர்சி' இங்கேயும் செல்லும் என்று கண்டுபிடித்த நாளில் உங்களுக்கு இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். ஃபிராவ் ஹூபர் சண்டைக்கு வந்தாரா, றோல்ஸுக்கு வந்தாரா என்பதில் மட்டும் எனக்குப் பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அதைப் போலக் கோதுகளையும் கையில் குலுக்கிப் பார்ப்பீர்கள். வெடித்த கோது மொத்தையாகச் சத்தம் போடும். "இது சரியில்லை" என்று தூக்கி ஒரு பக்கம் வைப்பீர்கள். வெடித்தவற்றை உருக்கி ஒரு விளக்குச் செய்யலாமே என்று என் கழக நண்பர் ஹன்ஸ் ஒருமுறை சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் உங்களுக்கு வந்த கோபம்! "துவக்குக்குப் போனதைச் சுவாமிக்கு வைக்கிறதோ? அந்த மனிசனுக்கு விசரோ?" நான் ஹன்ஸிடம், மாமி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் என்று மொழிபெயர்த்தேன்.

"பித்தளை என்ர. மற்றது உங்கட." இதுதான் நீங்கள் போட்ட எல்லை. வெடிமருந்துப் போத்தலை நான் கையில் எடுத்தால் சேலையை உதறிக்கொண்டு மேலே போய்விடுவீர்கள்.

சனிக்கிழமைகளில் நான் சுட்டுவிட்டு வந்தால், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று கேட்பீர்கள்:

"இண்டைக்கும் கடதாசிதானோ?"

"ஓம் மாமி, கடதாசிதான்."

அதற்குப் பிறகுதான் கோதுப் பையை வாங்குவீர்கள். நானும் ஒரு பகிடி என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். கழகத்திலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்கள் பகிடியாகத்தான் கேட்டீர்களா மாமி?

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

உங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து உறவினர் எல்லாம் ரெனானுக்குத் திரும்பிய பிறகு, வாசுகி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "கெல்லரில கிடக்கிறதுகளை இனி வீட்டை விட்டு எடுங்கோ. அம்மாக்கு ஒரு பொழுதுபோக்கு எண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்தனான். துவக்கும் வேண்டாம், உந்தக் கரி மணமும் வேண்டாம்."

நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. அண்ணாவைத் துவக்குக்குக் கொடுத்தவளிடம் என்ன நியாயம் கதைப்பது? குளிர்காலம் முழுக்க நான் சுடப் போகவில்லை. எனக்கு அது பெரிய கவலையாகத்தான் இருந்தது. துவக்கை விடுவது ஒரு கவலை. உங்கள் கதிரையும் வாளியும் இல்லாத கெல்லரை நினைப்பது வேறொரு கவலை. கடைசியில் ஹன்ஸைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் நீயே கொண்டுபோ என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காரோடு வந்தார். மெஷினைத் தூக்கினோம், மேசையில் இருந்ததைக் கழற்றினோம். நீங்கள் கழுவாமல் விட்டுப்போன கடைசிப் பை அப்படியே இருந்தது. சுளகையும் இந்த வேலைக்கான சாமான் என்று நினைத்து ஹன்ஸ் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசுகி இறங்கி வந்தாள்.

"அது அம்மாவின்ர சுளகு."

சொன்னது தமிழில் என்றாலும் ஹன்ஸுக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டுச் சுளகைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே டொய்ச் மொழியில் ஒன்று சொன்னார். கழகத்தில் துவக்குகளைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, "இன்றைக்கும் கடதாசிதானே?" என்று இப்போது எல்லோரும் ஒருவரையொருவர் கேட்கிறார்களாம். அது உன் அம்மாவிடம் இருந்து வந்தது, தெரியுமா என்றார்.

வாசுகிக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வாசலில் நீங்கள் கேட்ட கேள்வி அவள் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. நான் விளக்கிச் சொன்னேன். முதல் நாள் நீங்கள் கேட்டதையும் சொன்னேன். அவள் உங்கள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அண்ணா விழுந்த இடத்தில அவனைக் காணேல்லை. அம்மா போக முந்தியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போட்டினம். றோட்டில வெற்றுக் கோதுதான் கிடந்தது. ஒண்டைச் சேலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு வந்தவ. செத்தவீடு முடிஞ்ச பிறகு கிணத்தடியில இருந்து அதைப் புளி போட்டு மினுக்கினவ. திருப்பித் திருப்பி மினுக்கினவ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஏனெண்டு கேக்கப் பயமா இருந்தது."

ஹன்ஸ் ஒன்றும் விளங்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோதை என்ன செய்தீர்கள் மாமி? கடல் தாண்டிக் கொண்டுவந்தீர்களா, அந்தக் கிணற்றிலேயே போட்டீர்களா? அதைத் துப்புரவாக்கமுடியவில்லை என்றுதான், ஒருவரையும் தொடாத இந்தக் கோதுகளை இத்தனை ஆசையாக மினுக்கினீர்களா? எனக்குத் தெரியாது. வாசுகிக்கும் தெரியாது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "ஹன்ஸைப் பெட்டியை இறக்கச் சொல்லுங்கோ. வாற சனி லீவு போட்டுட்டு நானும் வாறன். கடதாசிதானோ எண்டு என்ர கண்ணால பாக்கோணும்."

வந்தாள். காதுமூடி போட்டிருந்தும் முதல் வெடிக்கே எழும்பி வெளியே போய்விட்டாள். நான் துவக்கை வைத்துவிட்டுப் பின்னால் போனேன். சுவரில் சாய்ந்துகொண்டு நின்றவள், "நீங்கள் போங்கோ, நான் வருவன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து கடைசி வரை இருந்தாள். ஹன்ஸ் இலக்குக் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கடதாசியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் வாளியில் புளி கரைத்தாள். பிளேன்ரீ கணக்கை நான் சொல்லிக் கொடுத்தேன். அவளும் பிளேன்ரீ போட்டாள். ஆனால் ரெனானில் இருந்து உங்கள் தங்கச்சி போன் எடுத்துவிட்டா. உங்கள் தங்கச்சி போன் எடுத்தால் எப்போது வைப்பா என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவ்வளவும் ரோசா நிறம், மாமி!

வாசுகிக்கு அழுகை வந்துவிட்டது. நான் கெல்லருக்கு ஓடிப்போய் உங்கள் தேயிலை டின்னை எடுத்து வந்து, உங்கள் முதல் கோது ஒன்றை அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. "வடிவாத்தானே கிடக்குது" என்றாள், அச்சாக உங்கள் குரலில்.

இரண்டையும் ஒன்றாக அந்த டின்னுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டோம். அவை ஒருநாளும் துவக்குக்குப் போகாது. நீங்கள் விட்டுப்போன கடைசிப் பையை அவள் இன்னும் தொடவில்லை. கை பழகட்டும், பிறகு கழுவுகிறேன் என்கிறாள்.

நேற்றுச் சனிக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். திரும்பி வந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது வேலை முடிந்து எனக்கு முன்பே வந்துவிட்ட வாசுகி வாசலில் கையுறை போட்டுக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்கும் கடதாசிதானோ?"

எத்தனையோ சனிக்கிழமைகள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான். நேற்றுத்தான் அதை நிமிர்ந்து நின்று, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

உங்களுக்கும் அதையே வாக்காகத் தருகிறேன் மாமி. என் கையில் துவக்கு இருக்கும் வரைக்கும், இந்த வாசலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் உள்ளே கால் வைக்கமாட்டேன். அந்தப் பதில் ஒருநாளும் மாறாது. ஓம் மாமி, கடதாசிதான்.

உங்கள் கதிரையில் உங்கள் மகளை இருத்திவிட்டுப் பக்கத்தில் நிற்கும்,
உங்கள் மருமகன்
ரகு