ஜெனியின் சைக்கிளில் நான்

என் செல்ல அக்காவுக்கு,

கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நான் சைக்கிள் ஓட்டுகிறேன். நிஜமாகத்தான். மாவு மில்லுக்குப் போகக்கூட யார் ஸ்கூட்டரிலாவது தொற்றிக்கொள்கிற உன் தங்கை, நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிள் பழகிவிட்டாள்.

சைக்கிள் ஜெனியுடையது. உன் மகள் ப்ளஸ் ஒன் போகிறாள், அக்கா. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த அரசாங்கச் சைக்கிள். முதல் வேலையாக மாதா கோயில் வாசலில் நிறுத்தி, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கினாள். அப்புறம் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து உன் படத்துக்கு முன்னால் பெல் அடித்துக் காட்டினாள். உனக்குக் கேட்டதா?

இந்த வயதில் எனக்கு ஏன் இது என்கிறாயா? நீ போன பிறகு கம்பெனியில் மெடிக்கல் செக்கப் நடந்தது. எனக்கும் சர்க்கரை, எனக்கும் பிரஷர். உனக்கு இருந்த அதே இரண்டும். "தினமும் எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஷிப்ட் பூரா நின்னுக்கினே வேல செய்றேன் மேடம். இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸ்?"

"நிக்கறது வேற, உடம்பு அசையறது வேறம்மா. கால் வீங்கினா உடம்புக்கு வேலை குடுத்ததா ஆயிடாது."

நாள் பூரா நின்று உழைக்கிறோம் என்று நம் வயரிங் லைனில் நாம் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதானே? தெருமுனையில் பஸ் ஏறுவோம், ஒரகடத்தில் கம்பெனிக்குள்ளேயே இறங்குவோம், ஒரே இடத்தில் மரம்போல நிற்போம், திரும்பப் பஸ் ஏறித் தூங்கிக்கொண்டே வருவோம். அதற்குப் பெயர் உழைப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம். உன்னிடம் இதை யாருமே சொல்லவில்லையா, இல்லை, சொன்னதை நீதான் காதில் வாங்கவில்லையா?

டாக்டரம்மா சொன்னதை ஜெனியிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏறு, சித்தி."

"நான் நடக்கறனே, போதாதா?"

"நீ பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்துட்டு, அங்க கத பேசிக்கினு நிப்ப. முட்டி வலிக்குதும்ப. ஏறு."

மண்ணூரில் நம் வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டிருக்கிறார்களே, தார் ரோடெல்லாம் போட்டும் ஒரு வீடுகூட வராத இடம், அங்கேதான் பழகினேன். முன் சக்கரத்தையே பார்த்து ஓட்டி, மனைக்கல்லில் போய் மோதினேன். ஷால் செயினில் சிக்கியது. அதிலிருந்து கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். மெயின் ரோட்டு ஓரம் முதல்முதலாகப் போனபோது, அந்தக் கோட்டைப் பார்த்து நம் கம்பெனி பஸ்ஸே பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"இன்னா மேடம், பஸ்ஸ வுட்டுட்டீங்களா? சைக்கிள ஓரமா போட்டுட்டு ஏறுங்க!" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. இந்த ரோட்டில் வேலை செய்கிற ஒருத்தி சும்மா சைக்கிள் ஓட்டுவாள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆனால் ஆரம்ப நாட்களில் பயந்துபோனேன், அக்கா. ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு இரைத்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பி வாசற்படியில் உட்கார்ந்தாயே, உனக்கும் இப்படித்தான் இருந்ததா? பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ எழுந்திருக்கவில்லை.

மெல்ல மெல்ல மூச்சு வசப்பட்டது. பிறகு சோம்பலும் வந்தது. போன மாதம் ஓ.டி. பார்த்துவிட்டு அலுத்துப்போய் வந்தேன், வெளியே தூறல். "இன்னிக்கு வேணாம் ஜெனி, ஒரு நாள் வுட்டா செத்தா போயிடுவேன்?" என்றேன்.

அவ்வளவுதான். பையைத் தூக்கி எறிந்தாள்.

"உனக்கு அதான வேணும்! அம்மா பெட்டியப் புடிச்சிக்கினு நீதான அழுத, என்னையும் கூட்டிக்கினு போயிடு அக்கான்னு! என்னைய யாருகிட்ட வுட்டுட்டுப் போலாம்னு இருந்த?"

சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதானே, அக்கா? அப்பா போனபோது நம் அம்மா சொன்னதுதான், நீயும் மாமா போனபோது சொன்னதுதான். அழுது ஓய்ந்ததும் யாராவது ஒரு டம்ளர் காபி கொடுப்பார்கள், குடிப்போம். ஆனால் அப்பனும் இல்லாமல், அம்மாவையும் பறிகொடுத்து நின்ற அந்தப் பிள்ளைக்கு அது வெறும் அழுகை என்று எப்படித் தெரியும்? அன்றிலிருந்து நீ என்னைக் கூப்பிடுவாய் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். எனக்குச் சர்க்கரை என்றதும், நீ கூப்பிட ஆரம்பித்துவிட்டாய் என்றே நினைத்துவிட்டாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் அந்தத் தூறலிலேயே சைக்கிளை எடுத்தேன். "நீ பின்னால உக்காரு" என்றேன். ஆள் வைத்து ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஹேண்டில்பார் ஆடியது. என் இடுப்பை அவள் இறுக்கிப் பிடித்த பிடியை என்னால் சொல்லி முடியாது. மனைக்கல் முடிகிற இடம்வரை போய்த் திரும்பினோம். இறங்கவே மனமில்லாமல் இன்னொரு சுற்று கேட்டாள்.

சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மாத்திரையை நிறுத்தக்கூடாது, சைக்கிளையும் நிறுத்தக்கூடாது என்கிறார் டாக்டரம்மா. இரண்டையும் நிறுத்த மாட்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அன்று உன் பெட்டியருகில் நான் கேட்டதை மறந்துவிடு, அக்கா. நான் வரவில்லை. உன் மகள் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அவள் கல்யாணத்தில் உன் இடத்தில் நான் நிற்க வேண்டும். எவ்வளவு ஏங்கினாலும் என்னைக் கூப்பிடாதே. நீயே வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

ஜெனிக்கு இன்னும் வெகுகாலம் சித்தியாக இருக்கப்போகிற,
உன் தங்கை
ஸ்டெல்லா