வண்டியில் விழுந்தவர்

ஐப்பசி 13, வியாழன்

இன்று லேபர் ஆபீஸ் விசாரணையில் முதலாளியின் வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினார். பட்டறை மெஷினில் என் வீட்டுக்காரரின் மூன்று விரல்கள் போன அன்று, வண்டியில் விழுந்துவிட்டார் என்று சொல்லி அதில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். “கேஸ் ஆயிட்டா பட்டறையைப் பூட்டிடுவாங்க தங்கச்சி, செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்றார் முதலாளி. தன் காரிலேயே கொண்டுவந்து சேர்த்தவராயிற்றே என்று நம்பினேன்.

மெஷினுக்குத் தடுப்பே இல்லை என்று இன்று சொன்னேன். “சாட்சி இருக்காம்மா?” என்றார் அதிகாரி. கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் வரவில்லை.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திருவானைக்காவல் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவர் கையைப் பார்த்து, “என்னங்க ஆச்சு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொல்லிவிட்டார்.

“வண்டியில போறப்ப விழுந்துட்டேங்க.”