மஞ்சள் வீட்டின் மாடி ஜன்னல்

மார்ச் 4

கதைக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீங்களாக எழுதினால்தானே தெரியும்.

நீங்கள் எழுதிய ஊர்க் கையேட்டை நகரசபை மறுபடி அச்சடிக்கப் போகிறது. எழுதியவர் தலைநகரத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார், பெண்டாட்டியாவது ஊரில் இருக்கிறாளே என்று அச்சகத்துக்காரர் தாள்களைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் வைத்தார். "தப்பு இருந்தா பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். தப்புக்கா பஞ்சம்?

கலங்கரை விளக்கத்தில் இப்போது யாரையும் ஏற விடுவதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். சுங்க மாளிகை செருப்புக்கடையாகிவிட்டது. கடற்கரைப் பீரங்கி எதிரிக் கப்பலை மூழ்கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒருமுறைகூட வெடித்ததில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்ததே நீங்கள்தான்.

பழைய துறைமுகம் மண் மூடிப்போனதால் கப்பல்கள் வேறு ஊருக்குப் போயின என்பதும் தப்பு. அந்த ஊரில் பெரிய துறைமுகம் கிடைத்தது, கப்பல்கள் போய்விட்டன. அப்புறம் தூர்வார ஆளில்லை, மண் மூடியது.

கடைசிப் பக்கத்தில் நம் வீடு. 'அந்தி பார்க்க ஏற்ற இடம் துறைமுகத்துக்கு எதிரே உள்ள மஞ்சள் வீட்டின் மாடி ஜன்னல். மணி அடித்தால் வீட்டம்மா அன்போடு திறப்பார்.' இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

ஊசி
(நீங்கள் வைத்த பெயர்தான். வேறு யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை.)

மார்ச் 19

அன்புள்ள ஊசி,

குத்தாமல் எழுதவே வராதா உனக்கு? கலங்கரை விளக்கம், செருப்புக்கடை எல்லாம் சரி. பீரங்கியை விட்டுவிடு. வெடிக்காத பீரங்கியைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்?

துறைமுக விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்காதே. மண்தான் முதலில். கப்பல்கள் என்ன செய்யும், பாவம்?

ஜன்னல் வரியை மட்டும் தொடாதே. கல்யாணமாகி உன் அம்மா வீட்டு மாடிக்குக் குடிவந்த முதல் சாயங்காலம் எழுதியது அது. நீ வாய் நிறைய குண்டூசியோடு எவருக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தாய். நான் படித்துக் காட்டியதற்கெல்லாம் "உம்" என்றாய். மொத்தப் புத்தகமும் அந்த "உம்"மிலிருந்து வந்தது. எப்போதோ ஒருவர் வந்து கடல் பார்த்துவிட்டுப் போவதில் உனக்கு என்ன நஷ்டம்?

முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறேன். கேட்பாய் என்று எழுதினேன்.

உன் கதைக்காரன்

ஏப்ரல் 2

கதைக்காரருக்கு,

போன வாரம் ஒரு புதுத் தம்பதி வந்தது. ஜன்னலில் நின்றபடியே அந்தப் பெண், "அக்கா, இத எழுதினவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள். "கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதில் எனக்கொன்றும் கஷ்டமில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறேன். திறந்தால் கையில் புத்தகத்தோடு வேறு யாரோ. இந்த வயதில் எனக்கு இது தேவையா? வெட்கமாக இருக்கிறது.

அம்மா படுக்கையில் கிடந்தபோது, "ஒரே வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அம்மா போன பிறகும் நீங்கள் வா என்று கூப்பிடவில்லை, நானும் வாங்க என்று கேட்கவில்லை. நான் மாறிப்போய்விட்டதால்தான் நீங்கள் வரவில்லை என்று உறவுக்காரர்களிடம் சொன்னீர்களாம். மாறித்தான் போனேன். நீங்கள் போன பிறகு.

வீட்டை ஒரு பல் டாக்டர் விலைக்குக் கேட்கிறார். தங்கை தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அந்த வரி இருக்க வேண்டுமானால் அதற்குள் வந்து நீங்களே மணி அடியுங்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போதாது. சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஊசி

ஏப்ரல் 27

அன்புள்ள ஊசி,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். உடனே கிளம்பியிருப்பேன், விடைத்தாள்கள் மலையாகக் கிடக்கின்றன. ஜூனில் கட்டாயம் வருவேன். புத்தகம் அச்சாகட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்க வந்த ஆள் மாதிரியே நிற்கிறேன். யார் நீங்கள் என்று கேட்டுவிடாதே. டாக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

துறைமுக வரியை மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஜன்னல் வரி அப்படியே இருக்கிறது.

உன் கதைக்காரன்

ஜூன் 8

கதைக்காரருக்கு,

புத்தகம் கிடைத்தது. முதலில் துறைமுகப் பக்கத்தைத்தான் பிரித்தேன். 'கப்பல்கள் போய்விட்டன. தூர்வார ஆளில்லாததால் பிறகுதான் மண் மூடியது.' தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "துறைமுகத்துக்கெல்லாமா அழுவாங்க?" என்றாள்.

மனது ஆறிப்போனது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழுதிக் கொடுத்தீர்கள், வரவில்லை. மே மாதம் முழுக்க மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடிதான் தைத்தேன். கடைசி நாளன்று சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

பல் பிடுங்கும் நாற்காலியை அந்த ஜன்னல் பக்கம்தான் போட்டிருக்கிறார். வலியோடு வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டே அந்தி பார்க்கலாம். நீங்கள் வந்தால் தாராளமாக மணி அடியுங்கள், நர்ஸ் வந்து திறப்பாள். யாரைப் பார்க்கணும் என்று கேட்டால் என்னைச் சொல்லாதீர்கள். ஜன்னல் பார்க்க வந்தேன் என்று புத்தகத்தைக் காட்டுங்கள், உள்ளே விடுவாள்.

தங்கை வீட்டிலிருந்து கடல் தெரியாது. இந்த விலாசத்தை எழுதலாமா என்று பேனாவோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை.

மஞ்சள் வீட்டில் இருந்தவள்