ஒரே ஒரு விடுதி உள்ள தீவு

ஆலையிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். எல்லாம் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன், சூடு மட்டும் பண்ணிக்கொள்ளுங்கள். வண்டிச் சாவி உங்கள் நீலச் சட்டைப் பையில்தான் இருந்தது.

சாயங்காலம் பயண ஏஜென்ட் வருகிறார். தேனிலவுக்கு எந்தத் தீவு என்று இன்று சொல்லியாக வேண்டுமாம்.

நேற்று போனில், கடைத்தெருவும் கூட்டமுமான அந்தப் பெரிய தீவுக்கே போகலாம் என்றேன். "என்கூடத் தனியா இருக்கறது உனக்கு அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டீர்கள். டாக்டர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

கஷ்டம் இல்லை, பயம். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் வீட்டில் இருந்தால் நான் வார்டில், நான் வீட்டில் இருந்தால் நீங்கள் ஆலையில். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் இந்தச் சீட்டுகளில்தான் நம் குடித்தனம் நடக்கிறது. சீட்டில் நீங்கள் என்னை 'ஊசி மகாராணி' என்று கேலி செய்கிறீர்கள், நான் தனியாக நின்று சிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சே வருவதில்லை. "மழை வரும்போல" என்கிறீர்கள். "ஆமாங்க" என்கிறேன். நீங்கள் ஆசைப்படும் தீவில் ஒரே ஒரு விடுதி, வாரத்துக்கு ஒரே ஒரு படகு. அங்கே எத்தனை தடவை மழையைப் பற்றிப் பேசுவோம்?

ஏஜென்டை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். இதற்குப் பதில் எழுதி ஒட்டாதீர்கள். நான் வரும்வரை வேலைக்குக் கிளம்பாமல் இருங்கள். திட்டுவதானாலும் வாயைத் திறந்து திட்டுங்கள்.