இடப்பக்கம் இழுக்கும் கார்

கோபத்திலும் அண்ணன் என்றே வாயில் வருகிற என் அண்ணனுக்கு,

உங்கள் வருஷத் திவசம் முடிந்தது. வருகிற தையில் நம் சரோஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை றொசல்லைப் பக்கம். அங்கே கோயிலில்தான் தாலிகட்டு.

உங்கள் பெண்ணை உங்கள் பச்சைக் காரில்தான் அழைத்துப் போகவேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருக்கிறார்கள். நீங்கள் அவளுக்குக் கொடுத்த வாக்காம். தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது உங்களுக்கு விற்றுவிட்டுப் போன கார். பந்தயத்துக்கென்று செய்தது, இரண்டே பேர் உட்காரலாம். பெரிய கிளாக்கரான நீங்கள் அதில் போனால் லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் உங்கள் தம்பி பஸ்ஸுக்கு நின்றான். ஒரு நாளாவது "ஏறுடா" என்றீர்களா?

போகட்டும். காரைத் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் அழுத்திப் பிடித்திருந்தால்தான் நேராகப் போகிறது. றொசல்லைக்கு இறங்கும் வளைவுகளில் இடப்பக்கம் எவ்வளவு ஆழப் பள்ளம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் மயிரளவு உள்நோக்கி இருக்கவேண்டும் என்று காரோடு வந்த புத்தகம் சொல்கிறது. டயரில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, மூங்கில் குச்சி வெட்டி, சக்கரங்களுக்கு இடையே முன்னால் அளந்து, காரை உருட்டிப் பின்னால் அளந்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைத் திருகிச் சரிசெய்தேன். எல்லாம் சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு. மழை வேறு. சந்தி வரை ஓட்டிவிட்டு வந்து அளந்தால் அளவு மாறியிருந்தது. மறுபடி திருகினேன். மறுபடி மாறியது. குச்சியைச் சந்தேகப்பட்டு வேறு குச்சி வெட்டினேன். டயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் கணக்கையே சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி வாசலில் வந்து நின்று, "அவரு ஓட்டுனப்ப நேராத்தான தம்பி போச்சு" என்றார்கள்.

கிரீஸை வழித்துத் துடைத்தபோதுதான் பார்த்தேன். இடச்சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையில் சுத்தியல் தடம். நெருப்பில் காய்ச்சிய நீலம். கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் தேயிலை மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலுவைப் பிடித்து விசாரித்தேன். நீங்கள் ஒரு நாள் பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் சக்கரத்தை இறக்கிவிட்டீர்களாம். அந்தக் கை வளைந்துபோனதாம்.

"கிளாக்கரய்யா காய்ச்சி நிமித்தச் சொன்னாருங்க. மெஷின்ல எது வளஞ்சாலும் அப்படித்தானங்க நிமித்துவோம்" என்றான், பெருமையாகவே.

தேயிலை மெஷின் நின்ற இடத்தில் ஓடுவது, அண்ணே. அது முறிந்தால் ஒரு நாள் கொழுந்து வீணாகும். காய்ச்சி இளகிப்போன இந்தக் கையோ ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. நான் எத்தனை குச்சி வெட்டி என்ன பயன்? வளைவில் முறிந்தால் என்ன ஆகும்? கொழும்பிலிருந்து புதுசு வரவழைத்திருக்கக் கூடாதா? பெரிய கிளாக்கர் காரைக் கானில் விட்டார் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்தீர்களா?

இந்தக் காரில் போகக்கூடாது என்று அண்ணியிடம் சொன்னேன். பதில் சொன்னது சரோஜா.

"அப்பா உங்கள அந்தக் கார்ல ஏத்தல. அதுக்குத்தான சித்தப்பா இப்ப என்னைய ஏத்த மாட்டேங்கிறீங்க?"

அண்ணி அவளை அடக்கவில்லை. எனக்குப் பொறாமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக இரும்பு நீலமாகிவிடுமா?

லாரி ஓட்டும் அண்ணியின் தம்பி, தானே காரை ஓட்டுவதாகச் சொல்லிப் பூமாலைக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுக் கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடுமாம். அன்று சாயங்காலமே போய் அந்தக் கையைக் கழற்றி ஹட்டனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கார் ஷெட்டை விட்டு நகராது. வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இருக்குமோ என்னவோ.

கொழும்பில் பழைய கார்களை உடைத்து விற்கும் கடைகளுக்கெல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறேன். நெருப்புப் படாத கை ஒன்று கிடைத்தால் நானே மாட்டி, நானே அளந்து, சாவியை அவள் மாமன் கையில் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் அவள் வாடகைக் காரில்தான் போவாள், அழுதாலும் சரி. எப்படிப் போனாலும் அவளைக் கோயில் வாசலில் முழுசாக இறக்கிவிடுவது என் பொறுப்பு. அப்பா கொடுத்த வாக்கைச் சித்தப்பா முறித்தார் என்று ஆயுசு முழுக்க அவள் சொல்லிக் காட்டலாம். சொல்லட்டும். சொல்வதற்கு அவள் இருப்பாள்.

சரோஜாவின் சித்தப்பன்,
உங்கள் கூடப்பிறந்தவன்.