ஹைம் என்றொரு சொல்

11 ஒக்டோபர் 2023, புதன்

குட்மேய்ஸ் வீட்டில் காலை ஷிப்ட். கிழவர் ஈரத்தில் ஊறிப்போய்க் கிடந்தார். கழுவி, உடுப்பு மாற்றி, கஞ்சி தீத்தி முடிய என் இடுப்பு விட்டுப்போயிற்று. தொண்ணூற்றேழு வயது. பாரம் மட்டும் குறையவில்லை.

பெயர் எவால்ட். இங்குள்ளவர்களுக்கு எட்டி. பதினெட்டு வயதில் ஜெர்மன் சிப்பாயாக இங்கிலிஷ்காரரிடம் பிடிபட்டு, கைதியாகக் கப்பலில் இங்கே வந்து, பீற்றூட் வயலில் கிழங்கு கிண்டியவர். விட்ட பிறகும் போகவில்லை. எங்கே போவது? அவருடைய ஊர் போலந்துக்குள் போய்விட்டது. இங்கேயே கலியாணம், டகன்ஹாமில் கார் ஃபாக்டரி, இந்த வீடு. மனைவியின் தமையன் அதே யுத்தத்தில் செத்தவனாம். அதனால் வீட்டுக்குள் ஜெர்மன் ஒரு சொல்லும் வரவில்லை. மகள் பெவர்லிக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

இப்போது மறதி நோய் இங்கிலிஷை முழுதாகத் தின்றுவிட்டது. மிஞ்சியது ஜெர்மன். நான்தான் கேட்டுச் சொல்கிறேன். பதினான்கு வருஷம் ஜெர்மனியில் அகதியாக இருந்து கோப்பை கழுவியது இதற்காவது உதவுகிறது.

19 ஒக்டோபர்

என்னைக் கைதிக் காம்ப் காவல்காரன் என்று நினைக்கிறார். ஆள் எண்ணுவதற்கு இருப்பதுபோல் கட்டிலில் நிமிர்ந்து இருக்கிறார். என்னையும் ஒரு காலத்தில் அப்படி வரிசையில் வைத்து எண்ணினார்கள். சிரிப்பு வரவில்லை.

2 நவம்பர்

கவுன்சிலிலிருந்து சோஷல் வேர்க்கர் வந்தாள். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா? அவர் வாயால் கேட்டால் ஒழிய அனுப்பமாட்டேன், அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன் என்று பெவர்லி நின்றாள். மொழிபெயர்ப்பாளர் வர மூன்று கிழமையாகும், றெஜினோல்ட் இருக்கிறார்தானே என்று என்னைக் காட்டினாள் சோஷல் வேர்க்கர்.

எங்கே இருக்க விருப்பம் என்று குனிந்து ஜெர்மனில் கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஹைம். இஷ் வில் ஹைம்."

இஷ் வில் என்றால் எனக்கு வேண்டும். ஹைம் எனக்குத் தெரியாதா? ஜெர்மனியில் அகதிகள் எங்களை அறைக்கு ஆறு பேராக அடைத்து வைத்த நாலு மாடிக் கட்டடத்துக்கு அதுதான் பெயர். வயதானவர்களை வைத்திருக்கும் இடமும் ஹைம்தான். இல்லத்துக்குப் போக ஆசைப்படுகிறார் என்று சொன்னேன். பெவர்லி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அவரே கேட்டுவிட்டார், அவரே கேட்டுவிட்டார்."

எனக்கும் சந்தோஷம்தான். இனித் தூக்கத் தேவையில்லை. இந்தக் கொப்பியில் ஏன் பொய்?

20 நவம்பர்

இன்று இல்லத்துக்கு ஏற்றினோம். வாசலில் வந்ததும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஹைம்... ஹைம்..." விரல் விரலாகக் கழற்றினேன். "யா, யா, ஹைம்" என்று முதுகைத் தடவினேன். என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. பெவர்லி கார்க் கதவைத் திறந்தபடி நின்றாள்.

28 நவம்பர்

இல்லத்தில் சாப்பிடுகிறார் இல்லையாம். யாரோடும் ஒரு சொல்லும் இல்லையாம்.

3 டிசம்பர், ஞாயிறு

அக்காவின் மகள் ஜெஸ்ரின், ஜெர்மனியில் எஸனில் படிப்பிக்கிறவள், ஃபோன் எடுத்தாள். பேச்சுவாக்கில் கிழவரின் கதையைச் சொன்னேன்.

"அவர் என்ன சொன்னவர் மாமா? அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அது ஹைமுக்குப் போறதில்லை மாமா. அதுக்கு 'இன்ஸ் ஹைம்' எண்டிருப்பார். தனிய 'ஹைம்' எண்டா வீட்டை. வீட்டை போகோணும் எண்டெல்லோ கேட்டிருக்கிறார்."

பதினாலு வருஷம் இருந்தனான். ஒருத்தரும் எனக்கு அந்தச் சொல்லை அப்பிடிச் சொன்னதில்லை. எங்களுக்கு அங்க ஆர் வீடு வச்சிருந்தது? ஐயோ, அந்தாளின்ர கையை நானெல்லோ கழட்டினனான். வீட்டை, வீட்டை எண்டு அந்தாள் கெஞ்ச, ஓம் ஓம் எண்டு தடவினனான்.

4 டிசம்பர்

"பெவர்லிட்டைச் சொல்லாதேங்கோப்பா" என்கிறாள் டொலறஸ். "அந்த மனிசி நித்திரை கொள்ளோணும்."

உனக்கென்ன, நீயா கழற்றினாய் என்று மனைவிமேல் பாய்ந்துவிட்டேன். பிழை. ஆனால் சொல்லத்தான் போகிறேன். ஞாயிறு பெவர்லி இல்லத்துக்கு வருவாள். திரும்பக் கூட்டி வரலாம். வீடு பூட்டித்தானே கிடக்கிறது. என்னோடு இன்னொரு ஆள் போட்டால் சமாளிக்கலாம். இடுப்பு என்ன பெரிய இடுப்பு.

8 டிசம்பர், வெள்ளி

விடியக் கிழவரின் மூச்சு முடிந்துவிட்டது. நெஞ்சுச் சளி என்றார்கள்.

10 டிசம்பர்

எந்த வீட்டைக் கேட்டார்? குட்மேய்ஸா, போலந்துக்குள் போன ஊரா? எதுவென்றாலும் நான் கொண்டுபோய் விட்ட இடம் இல்லை.

21 டிசம்பர், வியாழன்

தகனம். பதினைந்து பேர்கூட வரவில்லை. பெவர்லி தகப்பனின் வாழ்க்கையைத் தாளில் எழுதி வாசித்தாள்: கப்பல், பீற்றூட் வயல், அம்மாவைச் சந்தித்த நடன மண்டபம், முப்பத்தொரு வருஷ ஃபாக்டரி. கடைசியில், "போகும் இடத்தை அப்பாவே கேட்டார். றெஜி அதை எனக்குச் சொல்லாவிட்டால் நான் இன்று இங்கே நிமிர்ந்து நிற்கமாட்டேன்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அந்த ஜெர்மன் சொல்லை நினைவுக் கல்லில் வெட்டப்போகிறாளாம். எழுத்துக்கூட்டிச் சொல்லட்டாம். சொன்னேன். சரியான அர்த்தம் என்ன என்றாள்.

டொலறஸ் பக்கத்தில் நின்று என் கோட்டை இழுத்தாள்.

"வீடு" என்றேன். "இல்லம் இல்லை. அவருடைய சொந்த வீடு. நான்தான் பிழையாக விளங்கிவிட்டேன்."

பெவர்லி கத்தவில்லை. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுவா?"

ஓம் என்றேன்.