மைக்கில் வாசிக்காத பெயர்

ஞாயிறு, இரவு.

இன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. கரிசலில் மழை பொய்த்த வருஷம். விதைக்கு வைத்திருந்த உளுந்தில் ஓர் ஓலைப்பெட்டி நிறைய அள்ளிக் காணிக்கையாகக் கொடுத்தோம். கொடுத்தவர்களின் பெயர்களை மைக்கில் போதகர் வாசித்தார். எங்கள் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டு எஸ்தரின் பூசணிக்காய்கூட வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "விடுட்டி. மைக்குல வாசிச்சிருந்தா பலன் இங்கனயே தீந்திருக்கும். இப்போ பரலோகத்துல இருக்குல்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆறுதலாக இருந்தது. ஜெபிக்க முழங்காலிட்டேன். பரலோகத்தில் ஆண்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் எஸ்தர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.